தடம் எழுந்திருக்காத புல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுத உட்காரவில்லை. கோடையில் புல்வெளியைப் பராமரிப்பது எப்படி என்று ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டிருந்தார்கள். தெரிந்த தோட்டக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன்.

"வெட்டும்போது மூணுல ஒரு பங்குக்கு மேல கை வைக்காதீங்க. தண்ணிய தெனமும் தெளிக்காதீங்க. விடுற அன்னைக்குக் காலையிலயே, வேர் வரைக்கும் விடுங்க. எப்ப விடணும்னு தெரியணுமா? மிதிச்சுப் பாருங்க. தடம் எழுந்திரிச்சா தண்ணி வேணாம். படுத்தே கிடந்தா வேணும்."

கட்டுரை அங்கேயே நின்றுபோயிற்று. படுத்தே கிடக்கும் தடம் ஒரு கதையாகத் தொடங்கிவிட்டது.

2

"காற்று ஊளையிட்ட ஒரு…"

(வேண்டாம். தண்டோரா போட்டா பயமுறுத்துவது?)

கதையிலும் ஒரு தோட்டக்காரர். ஒரு காலையில் புல் வெட்ட வந்தவர், இயந்திரத்தைக் கிளப்பாமல் நின்றுவிட்டார். தண்ணீரில்லாமல் புல் சாம்பல் பூத்துச் சுருண்டிருந்தது. அதன்மேல் வெளிக்கேட்டிலிருந்து வீட்டை நோக்கி வெறுங்கால் தடங்கள். கடைசித் தடம் வாசற்படியை ஒட்டி இருந்தது. திரும்பிப்போன தடம் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கார அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார். கணவரை இழந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அண்ணே, குழாயத் திறந்துடாதீங்க! அவர் தடமெல்லாம் போயிடும்."

"தண்ணி விடலேன்னா புல்லே செத்துடும்மா. அப்புறம் தடம் எங்க விழும்?"

"அதுக்குள்ள வந்துடுவார்ணே. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வர்றார், பாருங்க. நான் கதவத் தாழ் போடுறதே இல்ல."

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

3

தோட்டக்காரர் குழாயடியில் போய் நின்றார். வாயைத் திறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்: இறந்துபோன ஐயா இடது காலை இழுத்து நடப்பவர். அவர் நடந்தால் தடத்தோடு ஒரு கோடும் விழும். அந்தக் கோடு எழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் இவர் இத்தனை கோடையும் தண்ணீர் விட்டிருக்கிறார்.

இந்தத் தடங்களில் கோடு இல்லை. இரண்டு கால்களும் அழுத்தமாக, ஒன்றுபோல ஊன்றியிருக்கின்றன.

(ஐயாவின் காலை நான் ஏன் அப்படி எழுதித் தொலைத்தேன்? அந்த வரியை அடித்துவிட்டால் வருவது கணவர்தான். எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். அடித்தும் பார்த்தேன். தோட்டக்காரருக்கு மறக்கவில்லை. குழாயடியை விட்டு நகரமாட்டேன் என்கிறார்.)

4

முடிவு ஒன்று: தோட்டக்காரர் குழாயைத் திறக்கிறார். தடங்கள் நிமிர்கின்றன. அந்த அம்மா அவரை ஜென்மத்துக்கும் மன்னிக்க…

முடிவு இரண்டு: திறக்கவில்லை. மறுநாள் காலை, தாழ் போடாத கதவு…

இரண்டையும் முடிக்க எனக்குத் தைரியமில்லை. அந்த அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்தத் தடங்களை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? குழாயை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நிதானமாக யோசியுங்கள் என்றுதான் சொல்ல இருந்தேன். ஆனால் எழுதும்போது கடைசித் தடத்தை நான் புல்வெளியின் நடுவில்தான் வைத்திருந்தேன். இரண்டாம் பகுதியை இப்போது பாருங்கள், வாசற்படியை ஒட்டி இருக்கிறது.

நான் நகர்த்தவில்லை.