மாப்பிள்ளைக்குக் குளிர வேண்டும்

ஆயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து ரிங்கிட். பாக் மொக்தார் எங்கள் முதலாளியான தவுக்கேவுக்குத் தர வேண்டிய காசு. அந்தத் தொகை என் தலையில் எப்படி ஏறி உட்கார்ந்தது என்று சொல்கிறேன்.

தெலுக் இந்தானில் ஹோ தவுக்கேயின் கார் ஏர்கோன் பட்டறையில் எனக்குப் பதினான்கு வருஷ வேலை. முதுகு போய்விட்டது, வேலை போகவில்லை. மலாய்ப் பெரியவர் பாக் மொக்தார் நில அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் முப்பது வருஷத்துப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. முன் விளக்குகள் மூக்குக்குள் மடங்கிக் கிடக்கும். பட்டனை அழுத்தினால் தவளைக் கண் மாதிரி எழுந்து நிற்கும். அதற்குள் அவர் இறங்குவதைப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு கால், பிறகு வயிறு, அப்புறம் ஒரு பெருமூச்சு, கடைசியாக மற்றக் கால்.

"காத்தையா, காத்து வருது, குளிரு வரல" என்று வந்து நின்றார்.

சோப்பு நுரை பூசித் தேடினேன். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரின் கீழ் மூலையில் நுரை குமிழ் விட்டது.

"கண்டென்சர் ஒழுகுது பாக். மாத்தணும்."

"ஒட்டுப் போட முடியாதா?"

"போடலாம். இங்க அடைச்சா நாளைக்கு அங்க ஒழுகும்."

"வர்ற ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி பையன் ஹைக்காலுக்குக் கல்யாணம்டா. மாப்பிள்ளை இந்த வண்டியிலதான் பொண்ணு வீட்டுக்குப் போறான். சரிகை உடுப்பு, தலைப்பாகை, உச்சி வெயில். வேர்த்து ஊத்தினா என் மானம் போயிடும்."

புது கார்களில் கண்டென்சரை அரை நாளில் மாற்றிவிடலாம். இதற்கு மூன்று நாள். முன் பம்பரைக் கழற்ற வேண்டும். அதற்குப் பதினாறு போல்ட்டு. அதில் நான்கு துருவேறித் தலை உடைந்து போயின. விளக்கு எழுப்பும் சட்டத்தையும் இறக்கினேன். கடையில் புதுக் கண்டென்சர் கிடையாது. ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலில் அனுப்பும் கார்களைக் குவித்து வைத்திருக்கும் கடைக்கு ஈப்போ வரை போய், மூக்கு மட்டும் மிஞ்சிய ஒரு காரிலிருந்து கழற்றி வந்தேன். வந்து வைத்துப் பார்த்தால் தாங்கி ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தது. அறுத்து, துளை போட்டு, ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றி, ஒரு மணி நேரம் காற்றை உறிஞ்சி எடுத்து, அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் கேஸ் ஏற்றினேன்.

குளிர் ஜிவ்வென்று வந்தது. பாக் மொக்தார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருபது நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டித்தான் பில்லைக் கொடுக்க வேண்டியிருந்தது.

பில்லைப் பார்த்ததும் அவருக்கு வெளியிலும் குளிர்ந்தது.

"தவுக்கே, கல்யாணம் முடியட்டும். மாப்பிள்ளை வேர்க்காம போய் இறங்கினா, அங்கேயே கையில வெச்சிடறேன்."

"காசு வரும்வரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றார் தவுக்கே. "அதுக்கும் நிழல் பிடிக்கும்."

"காத்தையாவைக் கேளுங்க! பன்னெண்டு வருஷமா என்னைத் தெரியும். வருஷா வருஷம் என் மரத்து டுரியான் பழம் சாப்பிடறான்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள், டயர் கடைக்காரர், வேடிக்கைக்கு வந்தவர். சாப்பிட்ட டுரியான் எல்லாம் கணக்குக் கேட்டது.

"நான் பொறுப்பு" என்று வாய் சொல்லிவிட்டது.

தவுக்கே உடனே ஒரு தாளை எடுத்து எழுதினார். பாக் மொக்தார் தராவிட்டால் என் சம்பளத்தில் மாதம் இருநூறு பிடித்தம். எனக்கு எழுத்து கைக்கு வந்ததே நாற்பது வயதுக்கு மேல். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்டிருந்தால் அன்று ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும். வீட்டு வாடகை முந்நூற்றைம்பது. ஏழு மாதம் இருநூறு குறைந்தால் என் வீட்டுக்காரி சோற்றோடு என்னையும் சேர்த்து வடித்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"காத்தையா! சுடுகாத்து வருதுடா! மாப்பிள்ளை கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருக்கு!"

தவுக்கேவிடம் சொன்னதும் அவரே வேனை எடுத்தார். "வேலை உன் வேலை, காசு என் காசு. ரெண்டு பேரும் போவோம்."

வழியெல்லாம் செய்த வேலையை மனசுக்குள் திரும்பக் கழற்றிப் பார்த்தேன். எந்த வளையம் நசுங்கியது, எந்த மூட்டு விட்டது? மாப்பிள்ளை வீட்டில் போய் இறங்கினால் கம்பத்து ஊர்ச்சனமே காரைச் சுற்றி நிற்கிறது. காரின் மூக்கைக் காணோம். மூக்கு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ரோஜாக்களால் செய்த ஒரு பெரிய இதயம். அதற்குக் கீழே ஏழு சுற்றுத் தங்க நிறச் சாட்டின் துணி. காற்றுப் போகும் வாயை முழுதாக அடைத்துக் கட்டியிருந்தார்கள்.

எனக்கு உயிர் வந்தது. "கண்டென்சருக்கு ஒண்ணும் இல்ல பாக். மூக்கைப் பொத்திட்டா அது எப்படி மூச்சு விடும்? சூடு வெளிய போகலன்னா கம்ப்ரஸர் தானா நின்னுடும். இந்தப் பூவை எடுங்க, குளிரும்."

கையை நீட்டினேன். கையில் ஒரு அடி விழுந்தது.

மாப்பிள்ளைக்கு ஒப்பனை, காருக்கு அலங்காரம் எல்லாம் ரோகயா அக்காதான். இடுப்பில் கத்தரிக்கோல் தொங்க நின்றாள். "அண்ணே, பூவைத் தொட்டா விரலை நறுக்கிடுவேன். அஞ்சு மணி நேரம் கட்டினது. படத்துல என் பேர் வரும்."

"அக்கா, உள்ள மாப்பிள்ளை வெந்துடுவான்."

"வேகட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் எப்படியும் வேகப்போறவன்தானே."

கூட்டம் சிரித்தது. சரிகை உடுப்பில் நின்ற ஹைக்கால் சிரிக்கவில்லை. கண் மை ஏற்கெனவே கன்னத்துக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. தவுக்கே என் காதருகே வந்து, "இருநூறு, காத்தையா. ஏழு மாசம்" என்றார்.

அந்த நேரம்தான் விளக்கு ஞாபகம் வந்தது. காருக்குள் கை விட்டுப் பட்டனை அழுத்தினேன். இரண்டு கண்ணும் எழுந்து நின்றன.

"அக்கா, ரோஜாவை ரெண்டாப் பிரிச்சு இதுல கட்டுங்க. சாட்டினைக் கூரைக்கு மேல இழுத்து விடுங்க. இப்படி ஒரு வண்டியை இந்த ஊருல யார் பார்த்திருக்கா?"

"இது என்ன, முயலா?" என்றாள். ஆனால் கத்தரிக்கோல் கைக்கு வந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் கார் இரண்டு ரோஜாக் காதுகளோடு, ஏதோ கெட்ட செய்தி கேட்டுத் திகைத்த முயல் மாதிரி நின்றது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்து படம் எடுத்தார்கள். ரோகயா அக்கா முன்னால் போய் நின்றுகொண்டு, "இது என் புது டிசைன்" என்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தாள்.

எஞ்சின் ஓடியது. குளிர் வந்தது. தலைப்பாகை கூரையில் இடித்ததால் மாப்பிள்ளை அதை மடியில் வைத்துக்கொண்டு போனான். கொம்பாங் மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் ஊர்ந்தது. நாங்கள் வேனில் பின்னாலேயே போனோம். அந்த வேனில் ஏர்கோன் கிடையாது.

பெண் வீட்டில் ஹைக்கால் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் இறங்கினான். எங்களையும் பந்தலில் உட்கார வைத்து நெய்ச்சோறும் ரெண்டாங் இறைச்சியும் போட்டார்கள். தவுக்கே ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் பில்லை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பாக் மொக்தார் மைக் பிடித்தவனின் காதில் ஏதோ சொல்வதைப் பார்த்தேன். ஒலிபெருக்கி இரைந்தது.

"இன்று நம் மாப்பிள்ளை குளிரக் குளிர வந்து சேர்ந்திருக்கிறார்! ஆயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து ரிங்கிட் செலவில் அந்த வண்டியைச் சரிசெய்து, மணமக்களுக்கு அன்பளிப்பாகத் தந்த தவுக்கே ஹோ அவர்களுக்குப் பலத்த கைதட்டல்!"

ஐந்நூறு பேர் கைதட்டினார்கள். தவுக்கேயின் வாயில் போன இறைச்சி அப்படியே நின்றது. எழுந்தார். நான்கு பக்கமும் தலை குனிந்தார். சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பைப் பல் பிடுங்குகிற இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். பெண்ணின் அப்பா வந்து கட்டிப்பிடித்தபோது பில் தானாகச் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

"கொன்னுடுவேன் அவனை" என்றார் உட்கார்ந்ததும், சிரிப்பு மாறாமல். "உன்னையும்."

அதற்குள் ஒருவர் வந்தார். "தவுக்கே, என் பழைய காருலயும் ஏர்கோன் போயிடுச்சு. உங்க பட்டறை எங்க?" அவருக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் பள்ளி வேன் நாலு ஓட்டும் ஒரு அம்மா. தவுக்கே ரெண்டாங் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாருடைய போன் நம்பரையும் பில்லின் முதுகில் எழுதிக்கொண்டார். பதினொரு நம்பர். இடம் போதாமல் கடைசி இரண்டைத் தன் கையில் எழுதினார்.

பட்டறைக்குத் திரும்பியதும் தவுக்கே வேனை நிறுத்தினார். உள்ளே போய்க் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தார். மொக்தார் என்ற பெயரைக் கோடிட்டு அடித்தார். அதன்மேல் 'விளம்பரம்' என்று எழுதினார். பிறகு நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நான்காகக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"உன் சம்பளம் தப்பிச்சுது. இனிமே எவனுக்காவது பொறுப்புன்னு சொன்னே, அந்த வாயை நானே சாட்டின் துணியால கட்டுவேன்."

நான்கு துண்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், வீட்டுக்காரியிடம் அரிசி வாங்கக் காசு கொடுத்தேன்.