நடு வரிசையின் மூன்று இலக்கங்கள்

சீமோன் அந்த அக்ரிலிக் தண்டுகளை மூன்றாம் முறையாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். செலீன் ரீச்சர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கனடாவின் ஸ்காபரோவில் மீன்குஞ்சுத் தீனிக்காகப் பாசி வளர்க்கும் சின்னக் கொம்பனி அது. பாசி தடித்தால் அதன் நிழலே அதற்குச் சத்துரு. ஓரத்தில் நிற்பது வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிடும். நடுவில் நிற்பது இருட்டில் பட்டினி கிடக்கும். அதற்குத்தான் மேல்விளக்கின் வெளிச்சத்தை உள்ளே இறக்கும் பன்னிரண்டு தண்டுகளைச் சீமோன் தொட்டிக்குள் நட்டிருந்தான். திங்கட்கிழமைதோறும் ஒன்பது இடத்தில் வெளிச்சம் அளக்கும் மீற்றரை இறக்கி எழுதுவது செலீனின் பொறுப்பு.

ஓரத்து ஆறும் லேசு. நடு வரிசை மூன்றுக்கும் ஏணியில் ஏறித் தொட்டிக்கு மேலே குனியவேண்டும். நாலாம் படிக்கு மேல் அவளுக்குத் தலை சுற்றும். அதைச் சொன்னால் ஐம்பத்தெட்டு வயதில் கிடைத்த வேலை போய்விடும் என்று பயம். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் பௌதிகம் படிப்பித்தவள்; இங்கேயும் எல்லாருக்கும் ரீச்சர்தான். வளைகோடு எப்படி இறங்கும் என்று தெரிந்தால் அளக்காமலே அளவை எழுதலாம் என்பது அங்கே செய்முறைக் கொப்பி எழுதிய எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. அதைக் கண்டும் காணாமல் சரி போட்டவள். தண்டு வைக்கமுன் இருந்த வளைகோட்டைப் பார்த்து இப்போது தானே மூன்று இலக்கம் எழுதினாள். அடுத்த இரண்டு திங்களும் அப்படியே.

அந்த இலக்கங்களின்படி நடு இன்னும் இருட்டுத்தான். பாசி கொஞ்சம் கூடுதலாக விளைந்திருந்தது. அதைப் புது உரத்தின் புண்ணியம் என்றார்கள். வருகிற வெள்ளிக்கிழமையோடு தண்டுகளைக் கழற்றிவிட்டு வேறு வேலை பார்க்கும்படி சீமோனிடம் சொல்லிவிட்டார் முதலாளி. நீயே ஒருமுறை அளந்து பாரேன் என்று பக்கத்தில் வேலைசெய்த ஒருத்தர் அவனிடம் சொன்னதற்கு, ரீச்சர் எழுதினதை நான் சோதிக்கிறதோ என்று கேட்டானாம்.

“பிழை என்ரைதான் ரீச்சர்,” என்றான் இப்போதும், துடைத்த கடைசித் தண்டையும் திரும்ப மாட்டியபடி. “எனக்குத்தான் எங்கையோ கணக்கு உதைக்குது.”

அவன் சாப்பிடப் போனதும் செலீன் ஏணியைப் பிடித்தாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘மாதாவே’ சொன்னாள். குனிந்து மீற்றரை நடுவில் இறக்கினாள். பதினொன்று என்று அவள் எழுதியிருந்த இடத்தில் அது எண்பத்தாறு காட்டியது.

மீற்றரை வெளியே எடுக்கவில்லை. அவன் வரும்வரை அங்கேயே நின்றாள்.

“என்ன ரீச்சர், உங்கை ஏறி நிக்கிறியள்? விழப்போறியள்.”

“சீமோன், நான் இண்டைக்குத்தான் இதிலை ஏறினனான்.”

அவனுக்கு விளங்கவில்லை.

“நடு மூண்டும் நான் ஒருநாளும் அளக்கேல்லை. மனசாலை எழுதினது. உம்மடை தண்டிலை ஒரு பிழையும் இல்லை. வந்து பாரும்.”

அவன் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தான். இலக்கத்தைப் பார்த்த கண்ணை அவள் பக்கம் திருப்பினான்.

“ஏன் ரீச்சர்?”

“ஏறப் பயம். சொல்ல அதைவிடப் பயம்.”

முதலாளியிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னாள். வேண்டாம் என்று அவன் சொல்லுவான் என்று ஒரு கணம் எதிர்பார்த்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“ஓம், சொல்லுங்கோ,” என்றான். கீழே இறங்கி, மேசையில் கிடந்த அவளுடைய பைலையும் பேனையையும் எடுத்து வந்தான். ஏணிக்குத் தோளை முட்டுக் கொடுத்தான்.

“மற்ற ரெண்டையும் இறக்கி வாசியுங்கோ. நான் எழுதுறன்.”