முதுகுப் படங்கள்

"முன்வரிசை குடும்பத்துக்கு" என்று யாரோ மெல்லச் சொன்னதும் மகேந்திரராஜா எழுந்து பின்வரிசைக்குப் போனார். கூடவே எழுந்து போனாள் அவருடைய தங்கை குணேஸ்வரி. பெட்டிக்குள் கிடந்தவன் நோராயர். ஆர்மேனியன், ஓவியன், மகேந்திரராஜாவோடு பிராங்பேர்ட்டில் அரை ஆயுள் குடித்தனம் நடத்தியவன்.

பாதிரியார் நோராயரின் அக்கா ஷூஷானின் பெயரைச் சொன்னார், அவள் பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார், கடைசியில் "நண்பர்கள்" என்றார். அந்தச் சொல்லுக்குள் மகேந்திரராஜாவையும் அடக்கிவிட்டார்கள்.

ஷூஷான் கெட்டவள் இல்லை. மண் போட்டு முடிந்ததும் அவர் கையைப் பிடித்து, "என் தம்பியை நல்லாப் பார்த்துக்கொண்டீங்க. இப்படி ஒரு நண்பர் யாருக்குக் கிடைக்கும்?" என்று ஜெர்மனில் அழுதாள். பிறகு, "அந்த மலைப் படத்தை தேவாலய மண்டபத்துக்குக் கொடுக்கலாமா?" என்றாள். அவர் தலையாட்டினார்.

அந்த மலை! ஆர்மேனியர் தாய்மண்ணின் அடையாளமாகக் கொண்டாடும் மலை; நோராயர் பெய்ரூட்டில் பிறந்தவன், அதைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆர்மேனியச் சங்கத்துக்காரர் கேட்டுக் கேட்டு வரைய வைப்பார்கள். வீட்டுக்கு வந்து தூரிகையைக் கழுவியபடி சிரிப்பான்: "காணாத மலையைக் கொண்டாடுறாங்க. தினமும் காணுற ஆளை வரைந்தால் வேறு பக்கம் பார்க்கிறாங்க." இருவருக்கும் ஜெர்மன் இரவல் மொழிதான். அதில்தான் சண்டை பிடித்தார்கள், அதிலேயே சமாதானமும் ஆனார்கள்.

தினமும் கண்ட ஆளை அவன் வரையாமலும் விடவில்லை. புட்டு அவிக்கும் மகேந்திரராஜா, பொத்தான் தைக்கும் மகேந்திரராஜா. எல்லாவற்றிலும் முதுகுதான். தங்கச்சி வந்துபோகிற வீடு, முகம் வேண்டாம் என்று கெஞ்சியவர் இவர். ஷூஷான் வருகிறாள் என்றதும் அந்த முதுகுகளையும் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்.

வீடு திரும்பும் தெருவில் உலகக் கிண்ணத்துக்குக் கட்டிய கொடிகள் இன்னும் ஜன்னல்களில் தொங்கின. எந்தக் கொடி யாருடையது என்று நோராயர் இருந்திருந்தால் வம்பளந்திருப்பான்.

"அண்ணை, நில்லுங்கோ." வாசலில் குணேஸ்வரி மறித்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "கையைக் காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ."

சமையலறையில் அவனுடைய கோப்பிக் கிண்ணம் இருந்தது. குடித்து முடித்துக் கவிழ்த்து, மண்டியைப் பார்த்துப் பலன் சொல்வான். எப்போதும் நெடும் பயணம் என்றே சொல்வான், இருவரும் எங்கும் போனதில்லை. மகேந்திரராஜாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வாய்விட்டு அழுதார்.

குணேஸ்வரியின் கைபேசி அடித்தது. கோயில் சிநேகிதி நேசமலர், நாளைய தேர்த் திருவிழாவுக்காக.

"நான் வரேலாது, நேசமலர். ஓம், பிள்ளைக்கு வச்ச நேர்த்திதான், தெரியும். பாற்செம்பு வாற வருசம் எடுப்பம். எங்களுக்குத் துடக்கு."

மகேந்திரராஜா நிமிர்ந்தார். சாவுத் துடக்கு என்கிற தீட்டு சொந்தக்காரருக்குத்தான் உண்டு. சினேகிதன் செத்தால் ஒரு முழுக்கோடு சரி, மறுநாளே கோயில் படி ஏறலாம். குணேஸ்வரிக்குத் தெரியாததா? இந்த விஷயங்களில் ஊருக்கே சட்டம் சொல்கிறவள் அவள்.

"ஐயோ இல்லை, அண்ணை இருக்கிறார்." அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. "அண்ணையின்ர ஆள்தான் போயிட்டார்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஓம். படம் கீறுறவர். அவர்தான்."

கைபேசியை வைத்துவிட்டு, அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் அறைக்குள் போனாள். புட்டு அவிக்கும் முதுகைத் தூக்கிவந்து பழைய ஆணியில் மாட்டினாள்.

"முகம் இல்லாட்டி எனக்கு விளங்காது எண்டு நினைச்சனீங்களோ? அப்பான்ர காதெல்லோ அது." மூக்கை உறிஞ்சினாள். "வடிவாக் கீறியிருக்கிறார்."

படம் ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. நோராயர் மாட்டினாலும் அப்படித்தான் சரியும், முணுமுணுத்துக்கொண்டே நிமிர்த்துவது மகேந்திரராஜாவின் வேலை. அவர் எழுந்து போய்ச் சட்டத்தின் விளிம்பைத் தொட்டார். அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.