கூடத்துக் கோரை

குந்தவை இறந்த வருஷம் ஐப்பசி மாதத்தில், குணசேகரன் வீட்டுக் கூடத்தில், அவருடைய மனைவியான அவள் பாய் விரித்துப் படுத்த இடத்தில், சிமெண்ட் தரையைப் பொத்துக்கொண்டு கோரை முளைத்தது. அந்த மழையில் பூதலூர்ப் பக்கம் பல வீடுகளில் ஓதம் ஏறியிருந்தது. கோரை முளைத்தது இந்த ஒரு வீட்டில்தான், அதுவும் ஒரு பாய் அகலத்துக்கு. மற்ற இடமெல்லாம் காய்ந்தே கிடந்தது.

கொல்லைக்குப் பின்னால் இருந்த குட்டை முப்பது வருஷமாகக் குந்தவையின் பொறுப்பு. பிளாஸ்டிக் பொறுக்குவாள், கண்ணி வைக்க வருகிறவர்களை விரட்டுவாள், குப்பை கொட்ட வருகிறவர்களோடு தெருவே கேட்கச் சண்டை போடுவாள். எந்தக் கோரைக்குள் கானாங்கோழி முட்டை வைத்திருக்கிறது என்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு புருஷனிடம் சொல்வாள். அவர் டிவி பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவார். ஆவணியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடுவதற்கு முன் அவள் சொன்னது ஒன்றுதான்: "குட்டையைப் பாத்துக்கங்க." அங்கே டிவி இல்லாததால் அது அவர் காதில் முழுதாக விழுந்தது.

கருமாதி முடிந்ததும் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். நெல் போடுகிறவருக்குக் கோரை என்றால் களை, களை எடுப்பதுதான் அக்கறை. ஊரில் ஜேசிபி வைத்திருந்த மருதையனை வரவழைத்து, கரை முழுக்க வழித்தெடுத்து, குட்டையைத் துலக்கி வைத்த தாம்பாளம் மாதிரி ஆக்கினார். குந்தவை பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நிஜமாகவே நம்பினார், பாவம். மறுநாள், வழித்துக் கொட்டிய சேற்றில் உடைந்த முட்டை ஓடுகளைப் பார்த்தார். அதன் பிறகு குட்டையில் ஒரு பறவையும் கத்தவில்லை.

கூடத்துக் கோரையையும் முதலில் பிடுங்கத்தான் செய்தார். காலையில் பிடுங்கினால் சாயங்காலம் இடுப்புயரம் நின்றது. மகள் மேகலா, வீட்டைப் பூட்டிவிட்டுத் தஞ்சாவூருக்கே வந்துவிடச் சொன்னாள். மருதையன் களைக்கொல்லியோடு வந்தான். மருந்தைக் கலக்கும்போது கோரைக்குள்ளிருந்து ஒரு கானாங்கோழி கத்தியது. அது எப்போது வீட்டுக்குள் வந்தது என்று யாருக்கும் தெரியாது. குணசேகரன் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

"அவ படுக்கிற இடம் மருதையா. மருந்து வேணாம்."

கொல்லைச் சுவரை அவரே இடித்து வழி விட்டார். அந்த வழியாகக் கோரை மெல்ல வெளியே போய், நாலைந்து வருஷத்தில் குட்டைக் கரையைப் பிடித்தது. பறவைகள் திரும்பின. குந்தவை சொன்ன இடங்களில்தான் கூடு கட்டியிருக்கின்றனவா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை.

கூடத்துக் கோரை இன்னும் அங்கேயே இருக்கிறது. சிலிண்டர் போட வருகிறவர் அதைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போகப் பழகிவிட்டார். கானாங்கோழி அடை காக்கிற மாதங்களில் குணசேகரன் டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கிறார். குந்தவை அதே இடத்தில் தூங்கிய முப்பது வருஷத்தில், ஒரு ராத்திரிகூட அவர் அதைச் செய்ததில்லை.