அந்த ஊருக்கு ஒரு வார்த்தை

வாசலில் செருப்புகள் குவிந்துகொண்டே இருந்தன. அடுப்படியிலிருந்து யமுனா எட்டிப் பார்த்தாள். மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டு ஊர்ப் பெண்கள் பாதிப் பேர், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, சாவு வீட்டுக்கு வருகிற நடையில் வந்துகொண்டிருந்தார்கள்.

சாவு இந்த வீட்டில் இல்லை. கடல் தாண்டி, அவள் புருஷன் சதீஷ்குமார் வேலைக்குப் போயிருக்கிற நாட்டில். திருவிழாக் கூட்டத்தோடு ஒரு பாலம் இடிந்து விழுந்து, எத்தனை பேர் போனார்கள் என்று இன்னும் கணக்கு முடியவில்லை. எந்த டிவியைத் திருப்பினாலும் அதே அழுகை. "அவருக்கு ஒண்ணுமில்லீங்க, பேசினாரு" என்று யமுனா காலையிலேயே சொல்லிவிட்டாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

ஊர்க்கவுண்டர் சின்னராசு முடிய விடவில்லை.

"அந்த ஊரு உப்பத் திங்கற ஊடு இது. அங்க அத்தன சாவு உழுந்து கெடக்குது. அவங்க ஊட்டு வாசலுக்கு நம்மால போக முடியுமா? இங்கதான் வந்து துக்கங் கேக்கோணும்."

பெண்கள் யமுனாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த மாமியார் பாப்பாயி, வந்தவர்களின் கையை ஒவ்வொன்றாகப் பிடித்துத் துக்கத்தை வாங்கிக்கொண்டாள். மகனை அனுப்புவதற்காக மிளகுத் தோட்டத்தையே விற்றவள். அந்த நாட்டின் துக்கத்தில் தனக்கும் பங்குண்டு என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

யமுனா மட்டும் அழவில்லை. அழுகை வரவில்லை. ஏனென்றால் சதீஷ்குமார் விமானமே ஏறவில்லை.

மாலை போட்டு, மேளம் அடித்து, பஸ் ஏற்றி அனுப்பினார்கள். சென்னையில் ஏஜென்ட் காணாமல் போனான். திரும்பி வர முகமில்லாமல் சதீஷ்குமார் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்துகொண்டான். "ஊருக்குத் தெரிஞ்சுதுன்னா நான் மலை ஏறவே மாட்டேன். செத்தவன்னு நெனச்சுக்க" என்று யமுனாவிடம் மட்டும் ஃபோனில் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டாள். சாதாரணமாகச் சொன்னான்.

"ஃபோனப் போடு கண்ணு," என்றார் சின்னராசு. "அந்த சனத்துக்கு நாம ஒரு வார்த்த சொல்லிப்போடலாம்."

"இங்க சிக்னல் இல்லீங்க மாமா."

"பலாமரத்துப் பாறைல கெடைக்குமே!"

"சார்ஜும் இல்லீங்க..."

"அட, இந்தா என்ற ஃபோனு!" என்றாள் ஒருத்தி. "இதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டுக்கற?"

கூட்டம் கிளம்பியது. அவள் ஃபோனில் எண் பதிந்துவிடுமே என்று, தன்னுடையதிலேயே கொஞ்சம் சார்ஜ் இருப்பதாகச் சொல்லி யமுனா முன்னால் நடந்தாள். ஓடையோரம் போகும்போது ஃபோனை வழுக்க விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. விரல்கள் தளர்ந்தன. "பாத்து நட கண்ணு" என்று பாப்பாயி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விடவே இல்லை.

பாறை மேல் ஏறி எண்ணைத் தட்டினாள். எடுக்காதே, எடுக்காதே. எடுத்துவிட்டான்.

"என்ன புள்ள, வேல நேரத்துல..."

"ஏனுங்க! ஊரே நிக்குது! ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன்!"

அந்தப் பக்கம் பட்டறை மெஷின் இரைந்தது.

"சாமி, நான் சின்னராசு. மலையில எல்லாரும் வெசனத்துல இருக்கறோம்னு அந்தூரு சனத்துக்கிட்டச் சொல்லு."

"சொல்றேனுங்க."

"நீ சொல்றது இருக்கட்டும். பக்கத்துல அந்தூர்க்காரரு ஆராச்சும் இருந்தாக் குடு. நாங்களே சொல்லோணும்."

யமுனா கண்களை மூடிக்கொண்டாள். முடிந்தது. இப்போது வைத்துவிடுவான், இனி எப்போதும் எடுக்க மாட்டான்.

ஏதோ கிசுகிசுப்பு. பிறகு ஒரு புதுக் குரல், புரியாத மொழியில், தயங்கித் தயங்கி. பட்டறையில் வடக்கத்திக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதாக அவன் சொல்லியிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. பாப்பாயி ஃபோனருகே குனிந்தாள். "அழுவாத சாமி. உங்கூட்டு சாவு எங்கூட்டு சாவுதான்." அந்தக் குரல் நின்றது. பிறகு நிஜமாகவே உடைந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன சொல்றாருடா?" என்றாள் பாப்பாயி.

சதீஷ்குமார் ஃபோனைத் திரும்ப வாங்கினான். "ஊட்டுக்குப் போக முடியலையாம், அம்மா. போனா... எல்லாரும் என்ன நெனப்பாங்களோன்னு."

அது அந்த ஆள் சொன்னதா, இவன் சொல்வதா? யமுனாவால் பிரித்தறிய முடியவில்லை.

"அட பைத்தியமே!" என்றாள் பாப்பாயி. "பெத்தவ இருக்கறாளா? அப்பறம் என்ன? பொறப்பட்டு வரச் சொல்லுடா!"

மறுமுனையில் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. பாப்பாயி இன்னும் யமுனாவின் முழங்கையை விடவில்லை. அவளுக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராகப் பாறை மேல் ஏறி, அந்த நாட்டுக்கு ஆளுக்கொரு வார்த்தை சொல்ல வரிசையில் நின்றார்கள். யமுனா ஃபோனை நீட்டியபடியே நின்றாள், கட்டைவிரல் அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில்.