பனி விடுமுறை சொன்னவன்

விடியுமுன் பனி தள்ளும் லாரியில் இருந்தபடியே பள்ளி அதிகாரி உவெலெட்டுக்குப் போன் செய்தேன். எங்கள் வெர்மான்ட் மலையூரில் பள்ளி உண்டா இல்லையா என்பதை அவர் என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்.

"ரோடு எப்படிப்பா இருக்கு, டேல்?"

"கண்ணாடி மாதிரி வழுக்குது சார். பஸ்ஸை எடுத்தா பள்ளத்துலதான் கிடக்கும். பேசாம லீவு விட்டுடுங்க."

"போன மாசமும் இதைத்தான் சொன்ன. மத்தியானமே வெயில் அடிச்சுது. பெத்தவங்க என்னைக் கிழிச்சுட்டாங்க."

"அப்ப நீங்களே வந்து ஓட்டிப் பாருங்க," என்று எரிந்து விழுந்தேன். "சரிப்பா, லீவுதான்," என்று மனுஷன் அடங்கிவிட்டார்.

சற்று நேரத்தில், பள்ளியிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் போகும், பதிவு செய்த குரல் அழைப்பு எனக்கும் வந்தது. நான் சொன்ன விடுமுறையை எனக்கே சொல்கிறார்களாக்கும் என்று எடுக்காமல் விட்டேன்.

விடிந்ததும் எங்கள் தெருப் பக்கம் திரும்பினேன். பஸ் நிற்கும் இடத்தில், தொப்பியெல்லாம் பனியாக, ஒரு பிள்ளை தனியாக நின்றது. பெற்றவனுக்கு அறிவு வேண்டாமா என்று திட்டிக்கொண்டே லாரியை நிறுத்தினேன்.

என் மகள் ஐவி. தாயில்லாத வீட்டில் தானே எழுந்து கிளம்பி வந்திருக்கிறாள்.

"லீவாப்பா?" என்றாள், பல் தந்தியடிக்க. "லீவுன்னா உனக்குப் போன் வந்திருக்குமே?"