முதலைப் பாடம்

அந்த ஊரில் பிள்ளைகளோடு பாடமும் வீட்டுக்கு வரும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை முன்னால் நடக்கும், பாடம் பின்னால் வரும். பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பிள்ளையே வாய்விட்டு வாசித்து முடித்தால், வந்த பாடம் வந்த வழியே போய்விடும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பாடத்தில் இன்னொரு ஆளோ பொருளோ தேவைப்பட்டால் அவர்தான் அதுவாக இருந்து கொடுக்க வேண்டும். ஆனால் பாடத்தின் ஒரு சொல்லைக்கூட அவர் சொல்லிக் கொடுக்கக் கூடாது. பெரியவர் குரலில் தன் சொல்லைக் கேட்டால் பாடம் வரியை விட்டு வெளியே வந்துவிடும். அப்புறம் எழுதியிருப்பதற்கு அது கட்டுப்படாது. மறுநாள் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது வாசிப்பு எந்த வரியில் நிற்கிறதோ, அந்த வரியிலேயே பாடம் அந்த வீட்டில் நின்றுபோகும்.

ஆட்டோ ஓட்டுகிற மோகனசுந்தரத்துக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். மகள் வர்ணிகா மூன்றாம் வகுப்பு. சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவது அவர் பொறுப்பு. குடைப் பாடத்துக்கு அவர் கைகளை விரித்துக்கொண்டு மழையில் நின்றார். பூசணிக்காய்ப் பாடத்துக்கு ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டார். மனைவி கோகிலவாணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வயித்துக்கு நல்லதுங்க, இன்னொரு சுத்து உருளுங்க" என்பாள். "எங்க பாப்பா தடங்கலே இல்லாமப் படிப்பா" என்று ஆட்டோ ஸ்டாண்டில் அவர் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. அவள் வாசிக்கும்போது அவருடைய உதடும் ஓசையில்லாமல் கூடவே அசையும். பெற்றவர் உதடு, சும்மா கிடக்குமா?

எல்லா வீட்டிலும் இப்படிச் சுலபமாக முடிந்துவிடவில்லை. பக்கத்து வீட்டுச் சிவகாமியின் மகன் 'பேருந்து நின்றது' என்ற வரியோடு தூங்கிப்போனான். அவன் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போகிறான். பேருந்து இன்னும் அவர்கள் ஹாலில்தான் நிற்கிறது. கண்டக்டர் அவர்களோடுதான் சாப்பிடுகிறார், நல்ல மனிதர், காபிக்கு மட்டும் சர்க்கரை கூடுதலாகக் கேட்பார். கடைசி வீட்டில் கிணற்றுப் பாடம். 'கிணற்றுக்குள் இறங்கினார்' என்ற வரியில் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டு அப்பாவுக்கு இன்றைக்கும் தூக்குப்போசியில் சோறு போட்டுக் கயிற்றில் இறக்குகிறார்கள். அந்த வீட்டைக் கடக்கும்போது மட்டும் மோகனசுந்தரம் ஆட்டோவை வேகமாக ஓட்டுவார்.

வியாழக்கிழமை வர்ணிகாவின் பின்னால் முதலை வந்தது.

வாசலில் செருப்புகளை வாலால் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து, டிவிக்கு முன்னால் படுத்துக்கொண்டது. ஹாலில் பாதி போய்விட்டது. கோகிலவாணி மாப்பை எடுத்து அது வந்த ஈரத்தைத் துடைத்தாள்.

"ஏனுங்க, டீச்சர் முதலையக் குடுத்து உட்டிருக்காங்க."

"பாத்தேன்."

"வெரசாப் படிக்க வச்சு அனுப்பிச்சிருங்க. இட்லி மாவு வேற கீழ இருக்குது."

மோகனசுந்தரம் அதன் வாயின் நீளத்தைப் பார்த்தார். பாடத்தை வாசிக்காமலே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் வாசிக்காத முதலையை எந்த வரி பிடித்து வைக்கும்? அது தன் இஷ்டத்துக்கு எது வேண்டுமானாலும் செய்யும். வாசித்த முதலையாவது எழுதியபடி நடக்கும். அவர் பாயை விரித்து உட்கார்ந்தார். வர்ணிகா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். பக்கத்தின் மேலே ஒரு படம், பச்சையில் ஒரு முதலை, வெள்ளையில் ஒரு ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டி யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"படி சாமி. நிதானமாப் படி" என்றார்.

"பெரிய குளம்" என்று வர்ணிகா தொடங்கினாள். ஹால் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கோகிலவாணி மாவுப் பாத்திரத்தை அலமாரியில் ஏற்றி வைத்தாள்.

"குளத்தில் ஒரு முதலை இருந்தது. முதலைக்குப் பசித்தது." முதலை கண்ணைத் திறந்தது. "ஆட்டுக்குட்டி தண்ணீர் குடிக்க வந்தது." மோகனசுந்தரம் குனிந்து இரண்டு மடக்கு குடித்தார். உப்புத் தண்ணீர்தான், அவர்கள் தெருவுக்கு வருகிற அதே தண்ணீர். "முதலை ஆட்டுக்குட்டியின் காலைப் பிடித்தது."

பிடித்தது. வலது காலை, கணுக்காலுக்கு மேலே. அவருடைய பிரேக் கால்.

வலி பெரிதாக இல்லை. பிடித்தது என்றுதானே எழுதியிருக்கிறது, கடித்தது என்று எழுதவில்லையே. பற்கள் தோலில் அழுந்தி, அதற்கு மேல் போகாமல் நின்றன. ஆனால் அந்த வாயின் குளிர் முழங்கால் வரை ஏறியது. உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. கத்திவிடக் கூடாது என்று அவர் இரண்டு உதடுகளையும் சேர்த்துக் கடித்துக்கொண்டார்.

வர்ணிகா வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

அவர் காத்திருந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துபோய்ப் பார்க்கிறாள் என்று முதலில் நினைத்தார். அப்படித் தெரியவில்லை. அவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, முதலையின் வாயில் மாட்டிய காலையும் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்தாள்.

"அப்பா, வாயத் தொறங்க" என்றாள்.

"எதுக்கு கண்ணு?"

"அடுத்தது தெரியோணுமல்ல."

மோகனசுந்தரத்துக்குக் காலில் இருந்த குளிர் நெஞ்சுக்கு வந்தது. குடையும் பூசணியும் வீட்டை விட்டுப் போனது எப்படி என்று அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் அவள் புத்தகத்தைப் படிக்கவில்லை. அவர் உதட்டைத்தான் படித்திருக்கிறாள். ஓசை வராததால் பாடங்களும் ஒன்றும் சொல்லாமல் போயிருக்கின்றன. ஸ்டாண்டில் பீற்றிக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வந்து அவருக்கு அவமானமாக இருந்தது. முதலை வாயில் கால் இருக்கும்போதுகூட அவமானம் வருகிறது, மனிதன் படைப்பு அப்படி.

இருந்தாலும் கால் முக்கியம். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று சொல்லிக்கொண்டு, தலைகீழாகத் தெரிந்த புத்தகத்தை எட்டிப் பார்த்து, அடுத்த சொல்லுக்கு உதட்டை அசைத்தார். உதடு அசைந்தது, ஆனால் சொல்லாக அசையவில்லை. நடுக்கத்தில் அது தன் பாட்டுக்குத் துடித்தது.

"ஒண்ணுமே புரியலீங்ப்பா. நல்லாச் சொல்லுங்க."

சமையலறை வாசலிலிருந்து கோகிலவாணி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்தைதானுங்க, மெதுவாக் காதுல சொல்லிப்போடுங்க" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. முதலையின் ஒரு கண் அவள் பக்கம் திரும்பியது. சொல்லிவிட்டால் அது வரியை விட்டு வெளியே வரும். வெளியே வந்த முதலைக்குப் பிடித்ததும் கடித்ததும் ஒன்றுதான். பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். சொல்லாவிட்டால் நாளைக்கு மணி அடிக்கும், அவர் ஆயுசு முழுக்க ஹாலில் முதலை வாயில் காலை வைத்துக்கொண்டு ஆட்டுக்குட்டியாக உட்கார்ந்திருப்பார். கோகிலவாணி தண்ணீருக்குள் நடந்து வந்து சோறு ஊட்டுவாள்.

மோகனசுந்தரம் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வாயைச் சுற்றி, பின்கழுத்தில் இறுக்கி முடி போட்டார்.

வர்ணிகா திகைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு அழுதாள். துண்டைப் பார்த்து அழுதாள், அம்மாவைப் பார்த்து அழுதாள். அவளுக்கு இரங்கி அந்தத் துண்டை அவிழ்த்துவிட அவர் கை இரண்டு தரம் மேலே போனது. இரண்டு தரமும் அதைத் திருப்பித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். காத்திருப்பதுபோலக் கஷ்டம் வேறில்லை. சவாரிக்காகக் காத்திருந்து பழகியவருக்கே அப்படி. கடைசியில் அழுகை ஓய்ந்தது. பார்ப்பதற்கு வேறு வாய் எதுவும் இல்லாததால், அவள் குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள். விரலை வைத்தாள்.

"ஆ… ஆட்டு… ஆட்டுக்குட்டி."

முதலையின் பிடி அசையவில்லை.

"ப. ய. பய… பயப்…" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பயப்பட…"

அங்கே நின்றாள். மோகனசுந்தரத்தின் வாழ்நாளில் அந்த நேரம்தான் மிக மோசமானது. 'பயப்பட' என்பது வரைக்கும் அவள் வாசித்தது அத்தனையும் அவருக்குள் நடந்தது. கிணற்றுக்குள் இருக்கும் அந்த மனிதரின் முகம் தெரிந்தது. பிள்ளை பெரியவளாகி, கல்யாணத்துக்கு இந்தத் தண்ணீரில் நின்று காலில் விழுந்து கும்பிடுவது தெரிந்தது. துண்டு நனைந்து உப்புக் கரித்தது.

"வி… வில்… லை. இல்ல, பயப்படவில். லை." அவள் விரலைத் திரும்ப முதலுக்குக் கொண்டுபோனாள். ஒரே மூச்சில் சேர்த்தாள். "ஆட்டுக்குட்டி பயப்படவில்லை."

பயம் போய்விட்டது. கரண்ட் போவதுபோல ஒரே நொடியில் போனது. அவருக்குத் தன் கால் தெரிந்தது, முதலையின் மூக்கில் ஒட்டியிருந்த பாசி தெரிந்தது, நாளைக்கு ஆட்டோவுக்குக் கேஸ் நிரப்ப வேண்டும் என்பதுகூட நினைவுக்கு வந்தது.

"'மே' என்று சிரித்தது" என்றாள் வர்ணிகா. இந்தத் தடவை விரல் வரியை விட்டு விலகவில்லை. அவர் துண்டுக்குள்ளிருந்தே "மே" என்று சிரித்தார். "முதலைக்கு வெட்கமாகிவிட்டது. அது காலை விட்டது. திரும்பிப் போய்விட்டது."

முதலை காலை விட்டது. யாரையும் பார்க்காமல் தலையைத் தாழ்த்திக்கொண்டு வாசலுக்கு நடந்தது. தண்ணீரும் அதன் பின்னால் போனது. கோகிலவாணி ஓடி வந்து அவர் காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பற்கள் அழுந்திய குழிகள் மட்டும் இருந்தன. "நாசமாப்போன பாடம்" என்று திட்டிவிட்டு, மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மோகனசுந்தரம் துண்டை அவிழ்த்தார். வர்ணிகா அம்மாவின் கைக்குள்ளிருந்து நழுவிப் புத்தகத்திடம் வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"அப்பா, நானேதான் படிச்சேன்."

"ஆமா சாமி. நீயேதான்."

"இன்னொருக்காப் படிக்கட்டுங்ளா?"

முதலை கேட்டைத் தாண்டிப் பாதி உடம்பு தெருவில் இருந்தது. மோகனசுந்தரம் அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கோகிலவாணி போய் மாவுப் பாத்திரத்தை அலமாரியில் இன்னும் ஒரு தட்டு மேலே ஏற்றினாள்.

"படி சாமி" என்றார்.

"பெரிய குளம்" என்றாள் வர்ணிகா. முதலை கேட்டில் உடம்பை வளைத்துத் திரும்பி உள்ளே வந்தது. மோகனசுந்தரம் பிரேக் காலை மடக்கி வைத்துக்கொண்டு இடது காலை நீட்டினார். தண்ணீர் குடித்தார். முதலை அந்தக் காலைப் பிடித்தது. அவருக்கு உடம்பு ஆடத் தொடங்கியது.

வர்ணிகா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"பயமா இருக்குங்ளாப்பா?"

அவர் தலையாட்டினார்.

"இருங்க, அடுத்த வரியில போயிரும்" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை நனையாமல் அவர் மடியில் கவிழ்த்து வைத்து, தண்ணீர் குடித்துவிட்டு வர உள்ளே போனாள். முதலையும் அவரும் காத்திருந்தார்கள்.